கார்டின் மூலையில் ஓர் எழுத்து

முரளி,

நலமா என்று கேட்டுத் தொடங்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டைச் சாத்திவிட்டுப் போன வேகத்திலேயே உடம்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நான்கு நாளாக என் போனை எடுக்கவில்லை. அம்மாவின் போனை எடுக்கிறாய். அவள் மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு இறங்கி வந்து, "துன்னானாம்" என்று ஒரே சொல்லில் எனக்கு அறிக்கை கொடுக்கிறாள். இன்று காலை நான் கடையைத் திறக்காமல் காகிதத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "போன்ல ரெண்டு வார்த்த சாரி சொன்னா முடிஞ்சிது. இன்னாத்துக்கு இத்தினி பக்கம் எழுதிக்கினு கீற?" என்றாள். இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையே முடித்திருப்பேன்.

தமிழில் எழுதுகிறேன். நீ சித்தூரில் இங்கிலீஷ் மீடியம் படித்தவன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகப் படி, நல்லதுதான். ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதி எழுதி, இங்கிலீஷில் பொய் சொல்வது எனக்குக் கைவந்த வேலை ஆகிவிட்டது. கூச்சமே இல்லாமல் வருகிறது. இந்தக் கடிதத்தில் அந்த வசதி எனக்கு வேண்டாம்.

முதலில் சண்டையை எடுத்துக்கொள்வோம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த விண்ணப்பத்தின் வரைவைச் சனிக்கிழமை பிரிண்ட் எடுத்துப் படித்தேன். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களைத் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் எல்லைக் கிராமங்களில் எப்படிப் பரிசோதிப்பது, அதற்கு ஒரு முறை உருவாக்குவது. நல்ல ஆய்வு. வேண்டிய ஆய்வு. முதல் பக்கத்தில் 'முதன்மை ஆய்வாளர்' என்ற கட்டத்தில் உன் துறைத் தலைவரின் பெயர். நரம்பியல் டாக்டர். பேச்சுப் பயிற்சி பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அந்த அறை எந்த மாடியில் இருக்கிறது என்பதுதான். இந்த நிதிக்கு உன்னை மாதிரிப் பேச்சுத் தெரபிஸ்டுகளும் முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் நீயே போய் அவரை உட்காரவைத்திருக்கிறாய். நீ வந்து நாற்காலியில் உட்காரும் முன்பே கத்த ஆரம்பித்துவிட்டேன். அடிமை என்றேன். அதற்கு நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நைனா, உன்ன மாதிரி ஃபைலக் கட்டிப் பரண்ல போட்டுட்டு, இருபது வருசம் எல்லாரையும் திட்டிக்கினு இருக்கறதுக்கா நான் படிச்சேன்? அவரு பேரு இருந்தா கையெழுத்து போடுவாரு. போட்டா வேல நடக்கும். பேஷண்டுக்கு யாரு பேரு இருந்தா இன்னா?"

இருபது வருடம் இல்லை, பதினைந்து. மற்றபடி நீ சொன்னதில் தப்பில்லை.

ஆனால் என்னைச் சுட்டது அது இல்லை. அடுத்து நீ சொன்னாயே: "அந்தப் படக் கார்டு, ரெக்கார்டிங் எல்லாம் நீ பண்ணதுன்னு நாலாம் பக்கத்துல உன் பேரப் போட்டு எழுதிக் கீறேன். இதவிட உனக்கு இன்னா வேணும்?" அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. சொல்லவில்லை. அதற்குப் பதிலாக உன் டாக்டரை இன்னும் பத்து நிமிடம் திட்டினேன். நீ எழுந்து போனாய்.

என் கதையை நீ நூறு முறை கேட்டிருப்பாய். சோறு பிசையும்போது, கல்யாண வீட்டில், பஸ்ஸில் என்று எங்கும் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் வரிசையாக ஒருமுறை சொல்கிறேன், ஏனென்றால் நான் சொன்ன வரிசையில்தான் தப்பு இருக்கிறது. திருப்பதியில் அந்த ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்குத் தெரபிஸ்ட் நான் ஒருவன்தான். மாடிப்படிக்குக் கீழே அறை. ஒரு ஆய்வுத் திட்டம் எழுதினேன். நீ இப்போது எழுதியிருக்கும் அதே திட்டம்தான் ஏறக்குறைய. அனுமதிக்காகப் பெரிய டாக்டரிடம் கொண்டுபோனேன். பெரிய டாக்டர் என்றுதான் எல்லோரும் சொல்வோம், அவருக்கு முன்னால்கூட. ஃபைலைத் திறக்காமலே எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார். "மீரு தெரபிஸ்ட் கதா" என்றார். நீங்கள் தெரபிஸ்ட்தானே என்று. அது கேள்வி இல்லை, தீர்ப்பு. பிறகு மூன்று மாதம், எப்போது போய் நின்றாலும் "சூத்தாம்லே", பார்க்கலாம் போ. கடைசியில் அவரே முதன்மை ஆய்வாளர், நான் துணை என்று ஒப்புக்கொண்டால் கையெழுத்து போடுவதாகச் சொன்னார். ஒப்புக்கொண்டேன். தேர்வுக் குழுவின் கூட்டத்துக்கு இருவரும் போனோம். அவர் உள்ளே, நான் வெளியே, கையில் பென்டிரைவோடு. இடையில் எழுந்து வெளியே வந்து, "இந்த நாற்பத்து மூணு பேரு எங்கேருந்து வந்தாங்க?" என்று என்னைக் கேட்டுவிட்டு, நான் சொன்னதை வாயில் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி உள்ளே போனார். பரீட்சை ஹாலுக்கு வெளியே விடை சொல்லிக் கொடுக்கிறவன் மாதிரி நின்றேன். நிதி கிடைத்தது. இறுதி அறிக்கையில் துணை ஆய்வாளர் என்ற கட்டத்தில் அவருடைய உதவி டாக்டரின் பெயர் இருந்தது. நான் போய்க் கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "தெரபிஸ்ட் பேர் போட்டா கமிட்டி ஒத்துக்காதய்யா." கடைசிப் பக்கத்தில், பேச்சுப் பிரிவு ஊழியர்களுக்கு நன்றி என்று ஒரு வரி. ஊழியர்கள். பெயர்கூட இல்லை. மறுமாதம் வேலையை விட்டேன். சித்தூருக்கு வந்து காது மெஷின் கடை வைத்தேன். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி ஏறியது.

இதுதான் நீ கேட்ட கதை. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கதை தொடங்கும் இடம்தான் பொய்.

உண்மையில் அது தொடங்கியது, பிச்சாட்டூர் ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த முனிரத்தினம் என்ற விவசாயியிடம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. நான் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டேன். அச்சடித்த பட்டியலில் தெலுங்குச் சொல் மட்டும் இருக்கும். அதைச் சொன்னால் சரி, இல்லாவிட்டால் பெருக்கல் குறி. பூனைக்கு அவர் "பில்லி" என்றார். தெலுங்கு, சரி. குடைக்குக் "குடை" என்றார். பெருக்கல். சீப்புக்குச் "சீப்பு". பெருக்கல். அடுத்தது தெலுங்கில் வந்தது, சரி. அடுத்தது தமிழில், பெருக்கல். அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியத்தின் படம் ஒன்று, எந்த நாட்டிலிருந்தோ எங்கள் பட்டியலுக்கு வந்து சேர்ந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது... இன்னா சார்... காத்தடிக்கிற பம்பா?" என்றார். அதற்கும் பெருக்கல். நான் யார்? நகரிக்காரன். என் வீட்டில் குடை என்றால் குடைதான், சீப்பு என்றால் சீப்புதான். சந்தையில் ஒரே வாக்கியத்தில் இரண்டு பாஷையும் பேசி வளர்ந்தவன். என் வாயில் இருக்கும் அதே பேச்சை இன்னொருவர் உடைந்த வாயால் கஷ்டப்பட்டுச் சொல்கிறார், நான் உட்கார்ந்து பெருக்கல் போடுகிறேன். தெலுங்குக்காரன் போட்டிருந்தால்கூட அறியாமை என்று விடலாம். காரணம் கேட்டால் படிவத்தில் அப்படித்தான் இருந்தது என்பேன். பாதிக்கும் கீழே மதிப்பெண். 'பயிற்சியால் பயன் எதிர்பார்க்க முடியாது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்தில் புவனா நின்றுகொண்டிருந்தாள். புவனேஸ்வரி. ஒரு வருட டிப்ளமோ முடித்துவிட்டு என் பிரிவில் உதவியாளராக, வருடா வருடம் புதுப்பிக்கும் வேலையில் இருந்தாள். அவளும் பிச்சாட்டூர்ப் பக்கம்தான். அவளுடைய நைனா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். வீட்டில் முதலில் படித்தவள். அவளுக்கு இருபத்திரண்டு, எனக்கு நாற்பதுக்குப் பக்கம். முனிரத்தினத்தை வெளியே தள்ளிக்கொண்டு போனதும் சொன்னாள்: "சார், அந்தாளு ஒண்ணு கூடத் தப்பா சொல்லல. நீங்கதான் தப்பு தப்பா போட்டுக்கினு கீறீங்க." நான் சிரித்தேன். படிவம் அப்படி என்றேன். "அப்ப படிவத்துக்குத்தான் சார் ஸ்ட்ரோக்கு" என்றாள்.

மூன்று மாதம் கழித்து, ஊருக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, தானாகவே அவர் வீட்டைத் தேடிப் போயிருக்கிறாள். அங்கே அவருடைய மருமகள் சொன்னாளாம்: "டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்கம்மா, இவருக்குப் பேச்சு இல்லன்னு. நாங்க எதுவும் கேக்கறதில்ல." வேளைக்குச் சோறு போடுகிறார்கள், துணி மாற்றுகிறார்கள், ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்று மாதமாக அவரிடம் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புவனா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்: "மாமா, ஏரியில தண்ணி கீதா?" அவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, பாதி தெலுங்கு பாதி தமிழில், மதகு வரைக்கும் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். மருமகள் அழுதுவிட்டாளாம். திங்கட்கிழமை அறைக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, புவனா என் மேசைமேல் ஒரு நோட்டை வைத்தாள். இரண்டு பாஷையில் எதில் சொன்னாலும் சரி என்று எடுத்துக்கொள்கிற ஒரு பட்டியல். அக்கார்டியனுக்குப் பதிலாக முறம், மோட்டார் பம்பு, கரும்புக் கட்டு, தறி, புளியம்பழம். "இத வச்சி கேட்டா அவுங்களுக்குப் பேச்சு எவ்ளோ மிச்சம் கீதுன்னு தெரியும் சார்" என்றாள்.

முரளி, நீ எழுதியிருக்கும் ஆய்வின் மூல யோசனை அதுதான். என்னுடையது இல்லை.

படங்களை அவள்தான் வரைந்தாள். நாற்பது கார்டு. ஒவ்வொன்றின் வலது கீழ் மூலையிலும் மிகச் சின்னதாக 'பு' என்று போடுவாள், தன் பெயரின் முதல் எழுத்து. பிச்சாட்டூரிலிருந்து நகரி வரை பஸ்ஸில் போய், நாற்பத்து மூன்று வீடுகளில் உட்கார்ந்து பதிவு செய்தாள். நான் போன வீடுகள் ஆறோ ஏழோ. என்னைக் கண்டால் அவர்கள் எழுந்து நிற்கப் பார்ப்பார்கள், பேச்சு இன்னும் அடைத்துக்கொள்ளும். அவளிடம் பேசினார்கள். திட்டினார்கள்கூட. ஒரு பெரியம்மா சரியாகச் சொல்ல வராத கோபத்தில் கார்டைப் பிடுங்கி எறிந்து, "போடீ, உனுக்கு வேற வேல இல்ல" என்று ஒரு முழு வாக்கியம் தெளிவாகச் சொன்னதும், புவனா கைதட்டினது ரெக்கார்டிங்கிலேயே இருக்கிறது. நீயும் கேட்டிருப்பாய். அந்தக் கைதட்டல் யாருடையது என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஏதாவது பொய் கைவசம் இருந்திருக்கும்.

விண்ணப்பத்தை நான் எழுதினேன். அது மட்டும் முழுக்க என்னுடையது. அதிலும் முட்டாள்தனங்கள். நோயாளிகள் மாதம் ஒருமுறை திருப்பதிக்கு வருவார்கள் என்று கால அட்டவணை போட்டேன், புரட்டாசி மாதத்தையும் சேர்த்து. பிரம்மோற்சவக் கூட்டத்தில் நல்ல காலோடு இருப்பவனுக்கே பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. இந்த ஜில்லாவில் பிறந்த எவனும் அப்படி எழுதமாட்டான். குழுவில் இருப்பவர்களுக்குப் புரட்டாசி தெரியாது, அதனால் தப்பித்தேன். உன் அட்டவணையிலும் அக்டோபரில் மூன்றாம் கட்டப் பரிசோதனை ஆஸ்பத்திரியில் என்று இருக்கிறது. மாற்று. அவர்கள் வரமாட்டார்கள், நாம் போவோம் என்று எழுது. நிலக்கடலை பிடுங்கும் வாரத்தில் வீட்டில் ஆள் இருக்காது, அதையும் தள்ளிப் போடு. தலைப்பைச் சுருக்கு. குழுவில் பாதிப் பேர் தலைப்போடு நிறுத்திக்கொள்வார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். தள்ளிப் போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. அந்த விண்ணப்பத்தில், 'என் மருத்துவமனை அனுபவத்தில் நான் கவனித்தது' என்று தொடங்கி முனிரத்தினத்தின் கதையை எழுதினேன். கார்டுகளை 'ஆய்வாளர் உருவாக்கியவை' என்றேன். பணியாளர் பகுதியில் 'களப்பணியாளர், ஒரு பணியிடம், நியமிக்கப்பட வேண்டும்' என்றேன். பெயர் போடவில்லை. எட்டுப் பிரதி எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுவர அவளையேதான் அனுப்பினேன். அந்த அளவுக்கு என் மனதில் அவள் இல்லை. ஜெராக்ஸ் கடையில் வரிசையில் நிற்கும்போது படித்துவிட்டாள். எட்டுப் பிரதியையும் மேசைமேல் அடுக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்:

"சார், இதுல நான் எங்க சார் கீறேன்?"

நான் சொன்னேன்: "டிப்ளமோ பேரு போட்டா கமிட்டி ஒத்துக்காது புவனா."

பெரிய டாக்டர் சொன்ன வாக்கியத்தை மேலே போய் மறுபடி படி. அவர் அதை என்னிடம் சொல்வதற்கு ஒன்றரை வருடம் முன்பே நான் அதைச் சொல்லிவிட்டேன். நிமிர்ந்துதான் பார்த்தேன், அது ஒன்றுதான் வித்தியாசம். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. "சரி சார். ஊர்ல யாராவது நீ யாருன்னு கேட்டா, 'ஒரு பணியிடம்'னு சொல்லிக்கிறேன்" என்றாள். பாக்கி இருந்த ஒன்பது வீட்டுக்கும் போய்ப் பதிவை முடித்துக் கொடுத்துவிட்டு, அந்த மாதக் கடைசியில் நின்றுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாதியில் விட்டுப் போகிறாள், நன்றி இல்லை என்று நினைத்தேன். பாதியில்கூட இல்லை, முடித்துவிட்டுத்தான் போனாள்.

பெரிய டாக்டரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. இதைப் படித்துவிட்டு, நைனா மனம் மாறிவிட்டார், இனிமேல் கல்யாண வீடுகளில் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று நினைக்காதே. அவர் திருடினார். நான் அவருக்கு முன்னால் திருடினேன் என்பதால் அவர் திருடாதவர் ஆகிவிடமாட்டார். அவரிடம் படித்தவர்தான் உன் துறைத் தலைவர், உன் வேலை ஒப்பந்தத்தில் பார்த்தேன், கையெழுத்துகூட அதே சாய்வு. என் வெறுப்பில் பாதி நியாயமானது. மீதிப் பாதியை எதற்காக இவ்வளவு சத்தமாக வைத்துக்கொண்டேன் என்பதுதான் இப்போது தெரிகிறது. சத்தம் குறைந்தால் "இதுல நான் எங்க சார் கீறேன்" என்பது கேட்கும்.

உனக்கே செய்ததும் ஒன்று இருக்கிறது. போன மாதம் நீ டிரங்குப் பெட்டியை இறக்கி, கூடத்தில் கார்டுகளைப் பரப்பிவைத்து ஸ்கேன் செய்தாய். ஒரு கார்டை வெளிச்சத்தில் பிடித்து, "நைனா, மூலையில 'பு'ன்னு கீதே, அது இன்னா?" என்றாய். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். "அது ஒண்ணுமில்ல, வரிசைக் குறி. படம் சுத்தமா தெரியணும், கட் பண்ணிடு" என்றேன். காபியைக்கூடக் கீழே வைக்கவில்லை. கம்ப்யூட்டரில் நாற்பது படத்திலும் நீ மூலையை வெட்டினாய். பிறகு நீ அனுப்பிய வரைவில், நாலாம் பக்கத்தில், என் பெயரை அச்சில் பார்த்தேன். 'இந்தப் படத்தொகுப்பை உருவாக்கியவர்' என்று. பதினைந்து வருடம் கேட்டது. என் மகன் கொடுத்தது. சனிக்கிழமை முழுக்க அந்தப் பக்கத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். காது மெஷினுக்கு பேட்டரி வாங்க வந்த ஒரு ரிட்டயர்ட் வாத்தியாரிடம் எடுத்துக் காட்டக்கூடச் செய்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் படித்துவிட்டு, "நீங்களே வரைஞ்சதா? உங்களுக்குப் படம்கூட வருமா!" என்றார். ஆமாம் என்றேன். எனக்கு ஒரு கோடு நேராக வராது, உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை உன் டாக்டரின் பெயரைச் சொல்லி நான் கத்தியது இதற்குப் பிறகுதான்.

நேற்று, புதன்கிழமை, வடமாலபேட்டைக்குப் போனேன். காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் புவனா வேலை செய்கிறாள் என்று எனக்கு எப்போதோ தெரியும். திருப்பதிக்கு உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம், கிட்டத்தில் இருக்கிறாள், போகலாம் என்று நினைப்பேன், போகமாட்டேன். மதிய இடைவேளை. கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வந்தாள். முன்தலை நரைத்திருக்கிறது. என்னைக் கண்டதும், "வாங்க சார், நல்லா கீறீங்களா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உன்னைப் பற்றி, விண்ணப்பம் பற்றி, கார்டுகள் பற்றிச் சொன்னேன். அவற்றை முன்னோட்டத் தரவாகப் பயன்படுத்த, சேகரித்தவர் என்ற முறையில் அவளுடைய சம்மதக் கடிதம் வேண்டும் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பையனுக்கு வேணும்னதும் ஞாபகம் வந்திச்சா சார்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் கணக்குத் திருத்துவது மாதிரிக் கேட்டாள். நான், ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அதற்கு முன்னால் ஞாபகம் வந்ததற்கு ஒரு சாட்சியும் என்னிடம் இல்லை.

சம்மதக் கடிதத்தை டைப் அடித்தே கொண்டுபோயிருந்தேன், கையெழுத்துக்கு இடம் விட்டு. பழைய புத்தி. அதைத் தொடாமல் பார்த்துவிட்டு என் பக்கமே நகர்த்தினாள். "உங்களுக்கு நான் கையெழுத்து போடமாட்டேன் சார். தப்பா எடுத்துக்காதீங்க. பையன வரச் சொல்லுங்க. சனிக்கிழம ஸ்கூல் ஒரு வேளதான், இருப்பேன். அவன் அந்த ஃபார்ம எடுத்துக்கினு வரட்டும். என் பேர எந்தக் கட்டத்துல எழுதுறான்னு எனக்கு முன்னால எழுதிக் காட்டட்டும். அப்புறம் பாக்கலாம்." நான் எழுந்தபோது ஒன்று கேட்டாள்: "முனிரத்தினம் மாமா ரெக்கார்டிங் இன்னும் கீதா சார்?" இருக்கிறது என்றேன். "அவரு போயிட்டாரு. போறதுக்கு முன்னால நல்லா பேசினாரு. மருமகளத் திட்டினாரு" என்று சிரித்தாள். மணி அடித்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கேட்காத மணி எதற்கு என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். விளக்கும் சேர்ந்து எரிகிறது, அதைப் பார்த்து ஓடுகிறார்கள்.

இனி உன் நிலைமை. விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை மாலை கடைசி. புவனாவின் பெயரைத் துணை ஆய்வாளர் கட்டத்தில் எழுதினால், உன் துறைத் தலைவர் டிப்ளமோவா என்று முகம் சுளிப்பார். கையெழுத்து போடாமலும் போகலாம். முதன்மை ஆய்வாளர் கட்டத்தில் உன் பெயரையே எழுதினால் நிச்சயம் போடமாட்டார். 'சூத்தாம்லே' என்பார். இந்த வருடம் போய்விடும். ஒரு வருடம் என்றால் உனக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஒப்பந்தம் புதுப்பிக்கிறவர் அவர்தான் என்பதும் தெரியும். பேஷண்டுக்கு யார் பெயர் இருந்தால் என்ன என்று கேட்டாய். நல்ல கேள்வி. பெரிய டாக்டரும் அதைத்தான் கேட்டிருப்பார், நானும் அதைத்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். பதில் இதுதான்: என் ஆய்வின் பெயரில் நிதி வந்தது, அறிக்கை வந்தது, டாக்டரின் அலமாரியில் சேர்ந்தது. ஒரு ஆஸ்பத்திரியிலும் அந்தக் கார்டு மேசைக்கு வரவில்லை. அது எதற்கு என்று தெரிந்தவளை நான் அனுப்பிவிட்டேன். தெரிந்த என்னை அவர் அனுப்பிவிட்டார். மிச்சம் இருந்தவர்களுக்கு அது ஒரு ஃபைல். இன்றைக்கும் உன் ஆஸ்பத்திரியில் குடைக்குக் குடை என்று சொல்கிறவனுக்குப் பெருக்கல்தான் விழுகிறது, நீயே சொன்னாய்.

துறைத் தலைவரோடு மோது என்று நான் சொல்லவில்லை. மோதுகிற யோக்கியதை எனக்கு இருந்ததில்லை, கத்துகிற யோக்கியதைதான் இருந்தது. அவர் பெயர் மேலே இருக்க வேண்டும் என்றால் இருக்கட்டும், அது உன் முடிவு, இனி அதைப் பற்றி என் வாயைத் திறக்கமாட்டேன். திறப்பேன், ஆனால் உன் காதில் விழாதபடி. புவனாவின் பெயர் மட்டும் உன் முடிவு இல்லை. அது இல்லாமல் நீ அந்தக் கார்டுகளைப் பயன்படுத்த முடியாது. பயன்படுத்தினால், சோறு பிசையும்போது நான் திட்டுகிற பெயர்களில் உன்னுடையதும் ஒன்றாகிவிடும். என் பெயருக்குப் பக்கத்தில்.

சனிக்கிழமை காலையிலேயே கிளம்பு. படிவத்தை எடுத்துக்கொள், பேனாவையும். பென்சில் வேண்டாம். நாலாம் பக்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடு. நன்றிப் பகுதிக்கும் மாற்றாதே. கார்டுகள் இருக்கும் டிரங்குப் பெட்டியையும் இந்தக் கடிதத்தோடு அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறாள். போவதற்கு முன்னால் நாற்பதையும் மறுபடி ஸ்கேன் செய். ஒரு மணி நேர வேலைதான். மூலையை வெட்டாதே.

நைனா